அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உடற்பயிற்சி: கட்டிலிலிருந்து தண்ணீர்மலைப் படி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நம் கையில் மூன்று காகிதங்கள் இருக்கும். மருந்துச் சீட்டு, எம்.சி., அடுத்த அப்பாயிண்ட்மென்ட் தேதி. நான்காவது காகிதம் ஒன்றும் வேண்டும். பலருக்கு அது கிடைப்பதில்லை. இன்று முதல் உடம்பை எப்படி, எவ்வளவு அசைப்பது என்கிற திட்டம்தான் அது. அந்தத் திட்டத்தை இங்கே சேர்ந்தே போடுவோம்.

கெப்பாலா பத்தாஸ், பெர்த்தாம், தாசேக் குளுகோர் பக்கம் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மூட்டு மாற்று, பித்தப்பை, குடலிறக்கம், கர்ப்பப்பை, சிசேரியன், பைபாஸ் என்று உங்களுக்கு நடந்தது எதுவானாலும் அடிப்படை வரிசை ஒன்றுதான். எல்லைகள்தான் மாறும். ஒரே ஒரு நிபந்தனை: இங்கே உள்ளதும் உங்கள் மருத்துவர் சொன்னதும் மோதினால், மருத்துவர் சொன்னதே செல்லும்.

ஏன் உடனே எழுந்திருக்க வேண்டும்?

"ஆப்பரேஷன் பண்ண உடம்பு, அசையாம படு." நம் வீடுகளில் முதலில் வரும் அறிவுரை இது. அன்பில் வருவதுதான், ஆனால் காலம் கடந்தது. 1940-கள் வரை மருத்துவர்களே அப்படித்தான் சொல்லி வந்தார்கள். சாதாரண அறுவைக்கும் வாரக்கணக்கில் படுக்கைதான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் டேனியல் லைட்ஹவுசர் போன்ற அறுவை மருத்துவர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நடக்கவிட்டு, நன்மை எதில் என்று காட்டினார்கள். 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் அதை ஒரு முழு மருத்துவ முறையாகவே வளர்த்தார். இன்று பல அறுவைகளுக்கு அன்று மாலையோ மறுநாள் காலையோ நம்மை எழுப்பி உட்கார வைப்பது அந்த வழியில் வந்ததுதான். நர்ஸ் இரக்கம் இல்லாதவர் என்று எண்ண வேண்டாம்.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு 1966-இல் டாலஸ் நகரில் நடந்த சோதனையைச் சொன்னால் போதும். இருபது வயதுள்ள, ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடம்பு அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கும் மேல் விழுந்துவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைத் திரும்பச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம்தான் பெரிதாக இருந்தது. இளைஞர்களுக்கே இப்படி என்றால் அறுபது வயது அம்மாவின் தொடைத் தசை என்ன ஆகும்? போதாக்குறைக்கு, படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கும், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும், குடல் மந்தமாகும்.

மறுபக்கமும் உண்டு. தைத்த இடம் நாம் நினைப்பதுபோல் சீக்கிரம் வலுப்பெறுவதில்லை. தையல் பிரித்ததும் 'ஆறிவிட்டது' என்கிறோம். மூன்று வாரத்தில் அந்தத் தோலுக்கு இருப்பது பழைய வலுவில் சுமார் 30 விழுக்காடுதான். மூன்று மாதத்தில்கூட ஏறத்தாழ 80 விழுக்காடு. உள்ளே இருக்கும் தசை உறையும் எலும்பும் தங்கள் போக்கில்தான் கூடும். நம் பொறுமையின்மை அவற்றுக்குத் தெரியாது.

ஆக, நடையைச் சீக்கிரம் தொடங்குவோம். சுமையைத் தாமதமாகத் தொடங்குவோம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பத்து நாள் படுத்துக் கிடந்துவிட்டு, பதினோராம் நாள் எழுந்ததும் நேரே கேஸ் தோம்பைத் தூக்கப் போகிறார்கள்.

வார்டை விட்டுக் கிளம்பும் முன் என்ன கேட்பது?

டிஸ்சார்ஜ் நாளில் எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள். கேள்விகளை முந்தைய இரவே எழுதி வைத்துக்கொள்வோம். எத்தனை கிலோவுக்கு மேல், எத்தனை வாரம் தூக்கக் கூடாது? மாடி ஏறலாமா? அறுவை செய்த காலில் முழு எடையும் ஊன்றலாமா, பாதியா, தொடவே கூடாதா? கார் எப்போது, மோட்டார் சைக்கிள் எப்போது? காயம் எப்போது நனையலாம்? இரத்தம் உறையாமல் இருக்க மருந்து தந்திருக்கிறீர்களா, எத்தனை நாளைக்கு?

பிசியோவைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். அவர் செய்து காட்டுவதை, அனுமதி கேட்டு, கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்வோம். மலாயிலோ ஆங்கிலத்திலோ சொன்னது வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடும், வீடியோ மறக்காது. வீட்டில் பயிற்சி செய்விக்கப் போகிற மகளோ மருமகனோ அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

அறுவை ஜார்ஜ்டவுன் பெரிய மருத்துவமனையிலோ செபராங் ஜெயாவிலோ நடந்திருக்கலாம். வாரா வாரம் பிசியோவுக்காக அவ்வளவு தூரம் போவது எல்லாருக்கும் முடியாது. வீட்டுக்குப் பக்கத்தில் தொடர முடியுமா, அதற்குப் பரிந்துரைக் கடிதம், அதாவது சூராட் ருஜுக்கான், தருவீர்களா என்று அங்கேயே கேட்டுவிடுவோம். கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெர்த்தாமில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது எங்கே கிடைக்கும் என்பதைக் கடிதம் எழுதுகிறவரே சொல்வார்.

அறுவைக்கு இன்னும் தேதி வரவில்லையா? அப்படியானால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. காத்திருக்கும் வாரங்களில் தினம் நடப்பதும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து பழகுவதும், சிகரெட்டை விடுவதும் பின்னால் வரும் வேலையை எளிதாக்கும்.

முதல் கட்டம்: கட்டிலிலேயே

இதை உடற்பயிற்சி என்றே பலர் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் முதல் வாரத்தில் இதைவிட முக்கியமானது வேறில்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் மூச்சு. தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக இழுத்து, வயிறு விரிகிற அளவு நிரப்பி, இரண்டு மூன்று நொடி நிறுத்தி, வாயால் விடுவோம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்து முறை. மூன்று குட்டிப் பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியைத் தந்திருந்தால் அதில் ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளைகள் அதை ஊதி விளையாடுவார்கள், ஒளித்து வையுங்கள்.

இருமல் வந்தால் அடக்க வேண்டாம். வயிற்றிலோ நெஞ்சிலோ தையல் இருந்தால் ஒரு தலையணையையோ மடித்த துண்டையோ அதன் மேல் வைத்து இறுக அணைத்துக்கொண்டு இருமுவோம். வலி குறையும், சளியும் வெளியேறும்.

அடுத்தது கணுக்கால். பாதத்தை முகத்தை நோக்கி இழுத்து, பிறகு கீழே அழுத்த வேண்டும். மணிக்கு இருபது முறை செய்தால் போதும். கெண்டைக்கால் தசைதான் காலில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளும் பம்ப். தொலைக்காட்சியில் விளம்பரம் வரும்போதெல்லாம் செய்வது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. முழங்கால் அறுவை ஆனவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். காலை நீட்டி, முழங்காலின் பின்புறத்தை மெத்தையில் அழுத்தி, தொடைத் தசையை ஐந்து நொடி இறுக்கி விடுவது.

பிறகு எழுந்திருக்கும் முறை. மல்லாந்த நிலையிலிருந்து நேரே நிமிர்ந்து எழக் கூடாது. வயிற்றுத் தையலில் முழு இழுப்பும் விழும். முழங்காலை மடித்து, தோளும் இடுப்பும் சேர்ந்து உருள ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையால் தள்ளி எழுவோம். நெஞ்செலும்பைப் பிளந்து செய்த அறுவை என்றால் ஒரு கையில் மட்டும் பாரம் போட்டுத் தள்ளுவதற்கும் கட்டுப்பாடு இருக்கும். அதற்கான முறையைப் பிசியோவிடம் செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொள்வோம். உட்கார்ந்ததும் உடனே நிற்க வேண்டாம். ஒரு நிமிடம் அப்படியே இருந்து, தலை சுற்றவில்லை என்று உறுதியானதும் நிற்போம்.

இரண்டாம் கட்டம்: வீட்டுக்குள்

முதலில் வீட்டை ஒழுங்கு செய்வோம். மாடி வீடு என்றால் முதல் சில நாளுக்குக் கட்டிலைக் கீழே கொண்டு வருவது எல்லாருக்கும் நிம்மதி. கால்மிதியையும் சுருண்ட கம்பளத்தையும் எடுத்துவிடுவோம். குளியலறைத் தரை ஈரமாக இருப்பது நம் ஊர் வழக்கம். ரப்பர் பாயும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அங்கே போடுவோம். ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வார் உள்ள செருப்போ காலணியோ நல்லது.

முதல் வாரம் கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து வாசல் என்று ஐந்து நிமிடம் நடந்தால் போதும். ஆனால் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. ஒரே மூச்சில் இருபது நிமிடம் நடப்பதைவிட இப்படிப் பிரித்து நடப்பதுதான் இந்தக் கட்டத்துக்கு ஏற்றது. வலி மாத்திரை போட்டு அரைமணி, முக்கால் மணி நேரம் கழித்துப் பயிற்சியை வைத்துக்கொள்வோம். வலியைத் தாங்கிக்கொண்டு மாத்திரையைத் தவிர்ப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. வலித்தால் மூச்சு ஆழமாகப் போகாது, நடையும் கோணலாகும்.

நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஒரு சிக்கல். காலை முதல் இரவு வரை சோபாவில் உட்கார்ந்து எல்லாரிடமும் ஆப்பரேஷன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் அன்றைய நடை போய்விடும். பெரியப்பா வந்தாலும் சரி, மணி ஆனதும் எழுந்து, "வாங்க, நடந்துகிட்டே பேசுவோம்" என்று சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாம் கட்டம்: தாமான் சாலையில்

செபராங் பிறை வடக்கு வயல் பூமி, சமதரை. இதயத்துக்கும் முழங்காலுக்கும் இதைவிட நல்ல நடைபாதை தீவில் கிடைப்பது கடினம். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைவழியில் பத்தடிக்கு ஒரு படி, நடுவில் மோட்டார் சைக்கிள். ஊன்றுகோலோடு அங்கே போய்ப் பழக வேண்டாம்.

இங்கே சூரியன் உதிக்கவே காலை ஏழு மணி தாண்டிவிடும். இருட்டில் கிளம்பினால் சாலைப் பள்ளமும் தெருநாயும் கண்ணுக்குத் தெரியாது. ஏழரை மணிக்குக் கிளம்பி எட்டேகாலுக்குள் திரும்பலாம். இல்லையென்றால் மாலை ஆறுக்குப் பிறகு. நடுப்பகல் வெயிலும் ஈரக்காற்றும் இதயத்துக்குக் கூடுதல் வேலை. புகைமூட்டம் வந்தால் காற்று மாசுக் குறியீட்டைப் பார்ப்போம். 100-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடை.

இரண்டாம் வாரம் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. மூன்றாம் வாரம் பதினைந்து நிமிடம், இரண்டு முறை. நான்கு, ஐந்தாம் வாரங்களில் இருபது, இருபத்தைந்து. ஆறாம் வாரத்தில் ஒரே நடையாக அரைமணி நேரம் நடக்க முடிந்தால் மிக நன்று. சிக்கலில்லாத வயிற்று அறுவைக்கும் இருதய அறுவைக்கும் பொதுவாகச் சொல்லப்படும் அளவு இதுதான். மூட்டு அறுவைக்கு நேரத்தைவிட நடையின் அழகு முக்கியம்: குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும், முழங்கால் மடங்கி நீள வேண்டும், நொண்டக் கூடாது.

போகும் தூரம் வரும் தூரமும்கூட. முதல் சில நாள் வீட்டு வாசல் கண்ணில் படுகிற அளவிலேயே போய் வருவோம். கைத்தொலைபேசி சட்டைப் பையில், ஒரு துணை பக்கத்தில்.

போதுமா, அதிகமா? எப்படித் தெரிந்துகொள்வது?

பேச்சுதான் முதல் அளவுகோல். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையான அளவுகோல் ஒன்று உண்டு. 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் உயிர் போகிற சிரமம். ஆரம்ப வாரங்களில் 11, 12-க்குள் நின்றால் போதும்.

கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு எவ்வளவு சிரமப்பட்டாலும் துடிப்பு அதிகம் ஏறாது. பைபாஸ் ஆனவர்கள் ஆரம்பத்தில், ஓய்வில் இருக்கும் துடிப்பைவிட முப்பதுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது வழக்கம்.

இரண்டாவது அளவுகோல் எனக்கு முதலாவதைவிடப் பிடித்தது: மறுநாள் காலை. பயிற்சியின்போது பத்துக்கு மூன்று, நான்கு என்ற அளவில் வலி இருப்பது சகஜம். மறுநாள் எழும்போது அது பழைய நிலைக்கு இறங்கியிருந்தால் நேற்றைய அளவு சரி. அதையே இன்னும் இரண்டு நாள் தொடர்ந்து, பிறகு கொஞ்சம் கூட்டலாம். வலியோ வீக்கமோ கூடியிருந்தால் இன்று பாதியாகக் குறைப்போம். முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை. உடம்பு நன்றாக இருக்கும் நாளில்தான் அதிகம் கவனம் தேவை. பத்தாம் நாள் திடீரென்று ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்பில்தான் மக்கள் வீட்டை ஒட்டடை அடிக்கிறார்கள்.

எந்த அறுவைக்கு எந்த எல்லை?

வயிறு: தொப்புளைச் சுற்றித் துளையிட்டுச் செய்ததானால் சீக்கிரம் தேறும், நீளமாக வெட்டித் திறந்ததானால் ஆறு முதல் எட்டு வாரம் நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். கணக்குக்குச் சொன்னால், கடையில் வாங்கும் ஐந்து கிலோ அரிசிப் பைதான் எல்லை. பத்து கிலோ பை கூடாது. பதினான்கு கிலோ கேஸ் தோம்பு, உருளையின் எடையும் சேர்ந்து அதைப்போல் இரண்டு மடங்கு வரும். அதை நினைக்கவே வேண்டாம். கப்சாய் மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் ஏற்றுவதும், மூச்சடக்கி முக்குவதும் இதே கணக்குத்தான். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் தையலைக் காக்கும் வேலை என்று சொன்னால் சிரிக்க வேண்டாம்.

முழங்கால் மாற்று: இங்கே சோம்பலுக்கு இடமில்லை. முதல் இரண்டு வாரத்தில் தொண்ணூறு பாகை மடக்க முயல்வோம். மடக்குவதைவிட முழுதாக நீட்டுவதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். சுகமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்க வேண்டாம். கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில். ஊன்றுகோல் அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவைக் கால் முதலில். பயிற்சி முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம். சம்மணமிட்டு உட்காருவதும் குந்தும் கழிவறையும் பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்; பலருக்கு அது இனி வேண்டாம் என்பதுதான் பதிலாக இருக்கும்.

இடுப்பு மாற்று ஆனவர்களுக்குக் காலைக் குறுக்கே போடக் கூடாது, தாழ்ந்த சோபாவில் உட்காரக் கூடாது என்ற விதிகள் உண்டு. எந்தப் பக்கமாகத் திறந்து அறுவை செய்தார்கள் என்பதைப் பொறுத்து அவை மாறும்.

பைபாஸ்: நெஞ்செலும்பு ஒன்றுசேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தூக்குவது, தள்ளுவது, இழுப்பது எல்லாம் மேல்கை விலாவை ஒட்டியபடியே. இரும்புக் கேட்டைத் தள்ளித் திறப்பதும் இதில் சேரும். பலர் அதை மறக்கிறார்கள். நெஞ்சில் 'டக்' என்று ஓசையோ, எலும்பு அசைகிற உணர்வோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். இருதய மறுவாழ்வு வகுப்பு உண்டா என்று கேட்டு, உண்டென்றால் தவறாமல் சேருவோம்.

சிசேரியன்: பத்தியத்தில் இருக்கும் பெண் நாற்பது நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்பது வேண்டாம். நடையும், இடுப்படித் தசையை இறுக்கி விடும் பயிற்சியும் முதல் நாட்களிலேயே தொடங்கலாம். குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரம் தூக்க வேண்டாம். ஓட்டமும் குதிப்பும் மூன்று மாதத்துக்குப் பிறகு.

சர்க்கரை இருப்பவர்களுக்கு

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே இந்தப் பகுதி நம்மில் பலருக்கு.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் மெதுவாக ஆறும், சீழ் பிடிக்கும். நடை சர்க்கரையைக் குறைக்கும். ஆனால் இன்சுலின் அல்லது கிளிக்லஸைடு எடுத்துக்கொண்டு, ஆப்பரேஷனுக்குப் பிறகு பசியில்லாமல் பாதிச் சாப்பாட்டோடு நடக்கக் கிளம்பினால் அது வேண்டியதற்கும் கீழே இறங்கிவிடும். கிளம்பும் முன் சோதித்து, 5 mmol/L-க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டு, பிறகு நடப்போம். 14-ஐத் தாண்டி, உடம்பும் சரியில்லாமல் இருந்தால் அன்று நடையை விட்டுவிட்டு மருத்துவரிடம் கேட்போம். பையில் நான்கு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தது தெரியாது.

எவ்வளவு செலவாகும்?

இந்தப் பயிற்சியில் பெரும்பகுதிக்குக் காசே வேண்டாம். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் பதிவு 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக் 5 ரிங்கிட். பெர்த்தாமில் உள்ளது பல்கலைக்கழக மருத்துவமனை. சுகாதார அமைச்சின் கட்டணம்தான் அங்கேயும் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டாம், முகப்பில் கேட்டுக்கொள்வோம். தனியார் பிசியோ ஒரு அமர்வுக்கு நூறு ரிங்கிட்டை ஒட்டிக் கேட்பது வழக்கம். வீட்டுக்கு வந்தால் இன்னும் கூடும். முதல் அமர்வில் முறையைக் கற்றுக்கொண்டு, இரண்டு வாரம் வீட்டில் செய்து, பிறகு திரும்பக் காட்டுகிறேன் என்று சொன்னால் நல்ல பிசியோ மறுக்க மாட்டார். பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்டால் யோசிப்போம்.

பொருட்களில் அவசியமானவை ஊன்றுகோல் அல்லது நான்குகால் வாக்கர், ஐஸ் பை, பின்னால் ஒரு ரப்பர் பட்டை. வாக்கர் சில வாரத்துக்குத்தான் தேவை. கோயிலிலோ தாமானிலோ விசாரித்தால் யார் வீட்டிலாவது ஸ்டோரில் சும்மா கிடக்கும். கடன் வாங்கியதானால் உயரத்தைச் சரிசெய்வோம்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

வேலை செய்கிறவர்கள் சொக்சோவை மறக்க வேண்டாம். 2007 முதல் அதற்கு 'வேலைக்குத் திரும்பும் திட்டம்' ஒன்று இருக்கிறது. தகுதியுள்ள சந்தாதாரருக்கு மறுவாழ்வுச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையமே நடத்துகிறது. மூட்டு மாற்றுக்கான உள்கருவி வாங்க வேண்டிய பி40 குடும்பத்தவர், வயது நாற்பதும் ஆகியிருந்தால், அறுவைக்கு முன்பே பெக்கா பி40 உதவி பற்றிக் கேட்க வேண்டும். வாங்கிய பிறகு கேட்டால் நேரம் தாண்டியிருக்கும். இ.பி.எஃப். சுகாதார மீட்பும் குறிப்பிட்ட நோய்களுக்கும் கருவிகளுக்கும் உண்டு.

எச்சரிக்கை: இவை வந்தால் நிறுத்துவோம்

ஒரு கால் மட்டும், முக்கியமாகக் கெண்டைக்கால், வீங்கிச் சூடாகி வலித்தால் அது இரத்த உறைவாக இருக்கலாம். நம் ஊரில் இதற்கு முதலில் செய்வது எண்ணெய் போட்டு உருவுவது, இல்லையென்றால் கம்போங்கில் நல்ல கைராசியான ஊருட் அம்மாவை அழைப்பது. கூடவே கூடாது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கையை வைக்காமல் அவசரப் பிரிவுக்குப் போவோம். ஆப்பரேஷன் செய்த உடம்பில் உருவல் எப்போது சரி, எங்கே சரி என்பதை மருத்துவர் சொல்லும்வரை அந்த எண்ணெய் போத்தல் அலமாரியிலேயே இருக்கட்டும்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இருமலில் இரத்தம் எதுவானாலும் 999. காரில் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று குடும்பக் கூட்டம் நடத்த வேண்டாம்.

38 பாகைக்கு மேல் காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ், நாற்றம், தையல் விட்டுப்போவது, வயிற்றில் புதிய புடைப்பு: அன்றே காட்ட வேண்டும். அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

காயம் முழுதாக மூடும்வரை நீச்சலும் கடலும் கிடையாது. வலி குறைக்கும் பெல்ட், காந்தக் காலணி, 'ஆப்பரேஷன் இல்லாமல் ஜவ்வு வளர்க்கும்' மாத்திரை என்று சந்தையில் வருவதற்குக் காசு கொடுக்க வேண்டாம். விரால் மீன் சூப்? தாராளமாகக் குடிக்கலாம். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று அதே மீனைத்தான் வாங்கிப் போகிறார்கள். புரதம் உடம்புக்கு வேண்டும். முட்டை, பருப்பு, கோழியிலும் அது கிடைக்கும். சூப் குடித்தோம் என்று நடையை விட்டுவிடாமல் இருந்தால் சரி.

பிசியோ என்று பலகை மாட்டியவரெல்லாம் பிசியோ அல்ல. 2016-இல் வந்த 774-ஆம் சட்டத்தின்படி அவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

ஆறு வாரத்துக்குப் பிறகு

மறுபரிசோதனையில் மருத்துவர் தலையசைத்ததும் சுமையைத் தொடங்குவோம். முதலில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது. அடுத்து சுவரில் கை வைத்துத் தள்ளுவது. அது எளிதானதும் ரப்பர் பட்டை, பிறகு அரை லிட்டர் தண்ணீர் போத்தல்கள். வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது.

பிறகு மாடிப்படி. இங்கே பலருக்கு மனத்தில் ஒரு படிக்கட்டு இருக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவில் ஏறுவதாக வேண்டுதல். 513 படி. வேண்டுதலை வைத்தே பயிற்சியைத் திட்டமிடலாம், தவறில்லை. வீட்டு மாடியில் ஒருமுறை ஏறி இறங்கப் பழகி, மூச்சு வாங்காமல் ஐந்து முறை ஏறும் நிலைக்கு வந்தபின், கூட்டமில்லாத ஒரு சாதாரண நாள் காலையில் மலைக்குப் போவோம். முதல் தடவை ஐம்பது படி ஏறித் திரும்பினால் போதும். இறங்குவதுதான் முழங்காலுக்குக் கடினம். கைப்பிடியை விட வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் ஏறும் முன் பாதத்தை மருத்துவரிடம் காட்டிவிடுவோம். பால்குடமும் சுமைதான், எடையைச் சொல்லி அனுமதி கேட்போம். காவடியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்து, இந்த ஆண்டு குடும்பத்தில் வேறு யாராவது எடுக்க, நாம் பின்னால் மெதுவாக ஏறுவோம்.